புள்ளி வைத்த சுழி

1991 மார்ச் 31 — 14.00
1991 ஜூன் 30 — 22.50
1991 செப்டம்பர் 30 — 18.00
1991 டிசம்பர் 31 — 0
1992 மார்ச் 31 — 0
1992 ஜூன் 30 — 0
1992 செப்டம்பர் 30 — 0
1992 டிசம்பர் 31 — 3,865.00

இவை நாற்பத்தேழாம் எண் வீட்டின் மருத்துவச் செலவுகள். ஒவ்வொரு தேதியும் ஒரு காலாண்டின் கடைசி நாள். எதிரே இருப்பது அந்த மூன்று மாதத்தில் அந்த வீட்டார் டாக்டருக்கும் மருந்துக்கும் மருத்துவமனைக்கும் கொடுத்த மொத்தத் தொகை. வீட்டுக்காரர் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈரத்தரையில் நின்று துணி அலசுகிறவர். நாள்கூலி 12.00. மாதம் இருபத்தாறு நாள் வேலை என்று வைத்தால் ஆண்டுக்கு 3,744.00. கடைசி வரியில் உள்ள தொகை அதைவிட 121.00 அதிகம்.

இந்த எட்டு வரிகளையும் எழுதிய பெண்மணியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவருடைய பகுதியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'இருமல் அக்கா' என்றால்தான் வீடு காட்டுவார்கள்.

நாட்டு மக்கள் ஆண்டுக்கு எத்தனை தடவை டாக்டரைப் பார்க்கிறார்கள், அதற்கு எவ்வளவு செலவாகிறது, இருபது முப்பது ஆண்டுகளில் அது எப்படி மாறுகிறது என்று அறிய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தி வருகிறது. புள்ளிவிவரத் துறை குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும். ஒரு முறை விழுந்த வீடு பிறகு மாறாது. குடியிருப்பவர்கள் மாறினாலும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் நேரில் போய்ப் படிவத்தை நிரப்பி வருவார். நகரத்தின் தென்கோடியில், பேருந்து கடைசியாக நின்று திரும்பும் இடத்தைச் சுற்றி இருந்த 120 வீடுகள் அக்காவின் பொறுப்பு. 1984 ஜூலை 2, திங்கட்கிழமை, தமது இருபத்தாறாவது வயதில் அவர் வேலையில் சேர்ந்தார். அவர் எழுதும் படிவங்களைச் சரிபார்த்துத் தட்டச்சுப் பிரிவுக்கு அனுப்பும் பரிசோதனை எழுத்தர் நான்.

அவருடைய அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மா பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வேலை பார்த்தார். அக்கா பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நான்கு ஆண்டுகள் ஒரு மருந்துக்கடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மனிதர்கள் தங்கள் உடம்பைப் பற்றி எப்படிப் பேசுவார்கள் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

"யாருமே தனக்குன்னு மருந்து வாங்க மாட்டாங்க, சார். எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் மட்டும் மூலம், சொறி, படபடப்புன்னு உலகத்துல இருக்கற அத்தனை வியாதியையும் வாங்கி வெச்சிருந்தார். பாவம், ஒரு நாளும் கடைப் பக்கம் வந்ததில்லே."

அதனால்தான் அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் இருமலைப் பற்றி முதலில் கேட்பார். மற்ற நோய்களை மறைக்கிறவர்கள்கூட இருமலை மறைக்க மாட்டார்கள். இருமலில் தொடங்கினால் பேச்சு நகரும். தெருவில் அவர் தலை தெரிந்தாலே குழந்தைகள் வேண்டுமென்றே இரும ஆரம்பித்துவிடும். அவரும் நின்று, "உனக்கு எத்தனை நாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

கறுப்புக் குடை, தோளில் துணிப்பை, பைக்குள் அட்டையில் கிளிப் போட்ட படிவங்கள், இரண்டு பேனா. ஆண்டுக்கு நான்கு ஜோடிச் செருப்பு தேயும். செருப்புப் படி கேட்டு 1986-இல் அவர் கொடுத்த விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருடைய கணவர் தையல் மிஷின் பழுதுபார்ப்பவர். வீட்டின் முன்னறையே அவருடைய பட்டறை. எண்ணெய்க் கையோடு தலையைத் தூக்கி அவர் கேட்கும் கேள்வியை நானே நேரில் கேட்டிருக்கிறேன்:

"ஊர்ல எல்லார் வீட்டு இருமலும் உனக்கு அத்துப்படி. கட்டின புருஷனுக்கு மூணு நாளா முதுகு பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஒரு வார்த்தை கேட்டியா?"

"நம்ம வீடு குலுக்கல்ல விழலைங்க. நான் என்ன பண்ண?"

1993 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை. அக்கா நாற்பத்தேழாம் வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். வலது காலில் கணுக்கால் வரை கட்டு. மனைவி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் குவிந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். சட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வீட்டிலேயே செய்யும் வேலை அது.

"எவ்வளவு ஆச்சு?" என்று அக்கா கேட்டார்.

"மூவாயிரத்து எண்ணூத்து அறுபத்தஞ்சு. சர்க்கரை வியாதியாம். ரெண்டு விரலை எடுத்துட்டாங்க, அக்கா."

"எப்போலேர்ந்து புண்ணு?"

"ஒரு வருஷம் இருக்கும்."

அக்கா பழைய படிவங்களைப் புரட்டினார். "போன தடவை வந்தப்போ ஒண்ணுமில்லேன்னீங்களே. அதுக்கு முன்னாடியும் ஒண்ணுமில்லே. அதுக்கும் முன்னாடி..."

"ஆமா, ஒண்ணுமில்லேதானே? டாக்டர்கிட்டயே போகலையே. செலவு என்னன்னு கேட்டீங்க. ஒண்ணுமில்லேன்னேன். புண்ணு இருக்கான்னு கேட்கலையே."

கட்டிலில் இருந்தவர் சிரித்தார். "அவங்க இருமலைத்தானே கேட்பாங்க. கால் எங்கேயாவது இருமுமா?"

"ஏன் போகலை?" என்று அக்கா கேட்டதற்கு மனைவிதான் பதில் சொன்னார். தெருமுனையில் இருக்கும் சுகாதார நிலையம் முன்பெல்லாம் சாயங்காலம் நான்கிலிருந்து எட்டு வரை திறந்திருக்கும். வேலை முடிந்து வரும் வழியில் போய்விடலாம். 1991 அக்டோபர் 1 முதல் அதைக் காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை என்று மாற்றிவிட்டார்கள்.

"போனா அன்னைக்குக் கூலி போச்சு. டாக்டருக்கு நாலு, கூலிக்குப் பன்னெண்டு. வாரா வாரம் கட்டு மாத்த வான்னு வேற சொல்லுவாங்க. அந்தப் பன்னெண்டை உங்க தாள்ல எழுதுவீங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்லேம்மா."

அன்று அக்கா மீதி வீடுகளுக்குப் போகவில்லை. பேருந்து திரும்பும் இடத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து தம் கையால் எழுதிய நான்கு சுழிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். கட்டம் 9: 'இக்காலாண்டில் மருத்துவச் செலவு'. நான்கு தடவையும் சரியான விடையைத்தான் எழுதியிருந்தார். நானும் சரிபார்த்து, ஓரத்தில் பச்சை மையால் குறி போட்டிருந்தேன்.

ஏப்ரல் சுற்றில் அவர் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். யாராவது "ஒண்ணுமில்லே" என்றால், "எந்த ஒண்ணுமில்லே?" என்று கேட்பார்.

"எந்த ஒண்ணுமில்லேன்னா? இதுல என்ன ரகம் ரகமாவா இருக்கு?"

"இருக்கு. உடம்புக்கு ஒண்ணுமில்லே, அதனால செலவில்லே. அது முதல் ஒண்ணுமில்லே. உடம்புக்கு இருக்கு, ஆனா போக முடியலை, அதனால செலவில்லே. அது ரெண்டாம் ஒண்ணுமில்லே. உங்களது எது?"

முதலில் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். பிறகு தெரு முழுக்க அந்தப் பேச்சு பிடித்துக்கொண்டது. கடைக்குப் போய் வெறும் பையோடு திரும்பிய ஒருவரை அவர் மனைவி வாசலிலேயே மடக்கியதை அக்கா கேட்டிருக்கிறார்.

"என்ன வாங்கிட்டு வந்தீங்க?"

"ஒண்ணுமில்லே."

"எந்த ஒண்ணுமில்லே? கடையில இல்லையா, சட்டைப் பையில இல்லையா?"

முதல் வகைக்கு அக்கா வெறும் சுழி போட்டார். இரண்டாம் வகைக்குச் சுழியின் நடுவே ஒரு புள்ளி வைத்தார். 1993 ஏப்ரல் 26 அன்று அந்தப் படிவக் கட்டு என் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு சுழிகளுக்குள் புள்ளி. மை சொட்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லாப் புள்ளியும் நட்ட நடுவில் இருந்ததால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். அடுத்த மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், அந்தம்மா சைபருக்கெல்லாம் பொட்டு வெச்சு அனுப்பியிருக்காங்க? கல்யாணத்துக்கா?" என்றார்.

விதி 11-இன்படி கட்டம் 9-இல் எண் மட்டுமே இருக்கலாம். ஆகவே பிளேடு எடுத்துப் பன்னிரண்டு புள்ளிகளையும் சுரண்டினேன். காகிதம் கிழியாமல் மையை மட்டும் சுரண்டுவதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும். பிறகு விதி 14-இன்படி திருத்தப் பதிவேட்டில் ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதினேன்: 'வீடு 47, காலாண்டு மார்ச் 1993, கட்டம் 9, சுழியினுள் புள்ளி. நீக்கப்பட்டது.' அக்காவுக்கு ஒரு கடிதமும் அனுப்பினேன்: 'வேண்டாத குறிகளைத் தவிர்க்கவும்.'

அவர் கடிதத்தோடு நேரில் வந்தார்.

"என்ன சார் தப்பு?"

"புள்ளி வைக்கக் கூடாது."

"புள்ளிவிவரத் துறைன்னு போர்டு மாட்டி வெச்சிருக்கீங்க. நான் விவரம் தெரிஞ்சு ஒரு புள்ளி வெச்சா தப்புங்கிறீங்க?"

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர் படித்துவிட்டு, "சரி, நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் என் வேலையைப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் அவர் நினைத்தார்.

அதன்பின் பதினாறு ஆண்டுகள் அவர் புள்ளி வைத்தார்; நான் சுரண்டினேன். ஆண்டுக்கு ஒரு தடவை அதே கடிதத்தை அனுப்பினேன். ஸ்டோரில் பிளேடு கேட்டு நான் சீட்டு நீட்டும்போதெல்லாம் அங்கிருந்தவர் என் முகத்தை உற்றுப் பார்ப்பார். "மாசம் ரெண்டு பிளேடு வாங்கறீங்க. தாடி அப்படியேதான் இருக்கு. எங்கே சார் சவரம்?"

அந்த ஆண்டுகளில் துறை வெளியிட்ட ஆண்டு நூல்களில் இரண்டு வரைபடக் கோடுகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று, சுகாதார நிலையங்களுக்கு மக்கள் போகும் எண்ணிக்கை. நாடு முழுக்கவே அது இறங்கிக்கொண்டு வந்தது. அக்காவின் பகுதியில் 1990-இல் தலைக்கு ஆண்டுக்கு 3.8 தடவை, 2008-இல் 1.5. மற்றது, பெரிய மருத்துவமனைகளில் ஆகும் செலவு. அது ஏறிக்கொண்டே போனது. அவருடைய பகுதியில் வீட்டுக்குச் சராசரி 61.00 என்பது 1,240.00 ஆயிற்று. இந்தக் காலத்தில் விலைவாசி ஆறு மடங்கு கூடியது; அதைக் கழித்தாலும் மூன்று மடங்குக்கு மேல். முதல் கோட்டுக்கு ஆண்டு நூல் கொடுத்த விளக்கம்: மக்களின் உடல்நலம் தேறியிருக்கிறது. இரண்டாவதற்கு: மருத்துவமனைகள் விலையை ஏற்றிவிட்டன. இரண்டு கோடுகளும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் படித்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை. நானும் படிக்கவில்லை. எண்கள் சரியாக அச்சாகியிருக்கின்றனவா என்றுதான் பார்த்தேன்.

2009 ஏப்ரல் 20, திங்கட்கிழமை, சுகாதார நிலையத்தின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பதினெட்டு ஆண்டுகளாகப் பயன்பாடு தொடர்ந்து குறைந்து வருவதால் நிலையம் செப்டம்பர் 30-உடன் மூடப்படும். ஆட்சேபம் இருந்தால் ஜூன் 17 அன்று நடக்கும் விசாரணையில் சொல்லலாம். கீழே ஆதாரம்: புள்ளிவிவரத் துறையின் காலாண்டுக் கணக்கெடுப்பு. அங்கிருந்து அடுத்த மருத்துவமனை பதினொரு கிலோமீட்டர்.

மறுநாள் காலை அக்கா என் மேசைக்கு எதிரே நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"என் சைபரைக் காட்டி மூடப் போறாங்க, சார்."

"உட்காருங்க."

"நான் வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதினது. அவங்க என்னை நம்பிச் சொன்னாங்க. இப்போ அதையே எடுத்து அவங்க டாக்டரை மூடினா, நான் அந்தத் தெருவுல எப்படி நடப்பேன்? என் படிவத்தையெல்லாம் கொடுங்க. புள்ளியைச் சுரண்டினாலும் தடம் இருக்கும். வெளிச்சத்துல பிடிச்சா தெரியும்."

மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட படிவங்கள் கூழாக்க அனுப்பப்படும் என்று அவரிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. 2005-க்குப் பிந்தையவை மட்டுமே பாக்கி. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குடை கீழே விழுந்தது.

"அப்போ பதிமூணு வருஷத்துப் புள்ளி போச்சா?"

"புள்ளி போச்சு. ஆனா புள்ளியை எடுத்ததுக்குக் கணக்கு இருக்கு" என்றேன்.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து திருத்தப் பதிவேடுகள் ஐந்தையும் இறக்கினேன். அவற்றை ஒழிக்க விதியில் காலக்கெடு இல்லை, ஆகவே ஒழிக்கவில்லை. அக்கா ஒரு பக்கத்தைத் திறந்தார். வீடு 47, வீடு 12, வீடு 88, வீடு 103. நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது. அவர் வைத்த ஒவ்வொரு புள்ளியும் நாள், வீடு, காலாண்டோடு அங்கே இருந்தது. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார்.

"சார், நீங்க அழிக்கலை. பத்திரமா எழுதித்தான் வெச்சிருக்கீங்க."

"அழிக்கத்தான் அழிச்சேன்" என்றேன். அதுதான் உண்மை.

தட்டச்சுப் பிரதிகளின் நகல்கள் பதிவறையில் முழுமையாக இருந்தன. அவற்றில் வீடுவாரியாகத் தொகைகள் உண்டு, சுழிகளும் உண்டு, புள்ளிதான் இல்லை. மே மாதத்தில் பதினொரு நாள், உணவு இடைவேளையிலும் அலுவலகம் முடிந்த பின் ஒரு மணி நேரமும், அக்கா பதிவேட்டிலிருந்து வரி வரியாகப் படிக்க, நான் தட்டச்சுப் பிரதியில் அந்தச் சுழியைத் தேடிப் பென்சிலால் புள்ளியைத் திரும்ப வைத்தேன். நகலில் குறிபோடக் கூடாது என்பதால் நகலுக்கு நகல் எடுத்து அதில் வைத்தோம். நான்காம் நாள் நான் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். "சார், எண்பத்தெட்டாம் வீட்டுக்குப் பொட்டு வைக்கலை" என்றார் அக்கா. அடுத்த மேசைக்காரர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

மொத்தம் 1,874 புள்ளிகள். 1993-இல் 31, 2008-இல் 212. பயன்பாட்டுக் கோடு இறங்க இறங்கப் புள்ளிகள் ஏறியிருந்தன. அதன்பின் அக்கா இன்னொன்றும் கேட்டார்: சுழி விழுந்த வீட்டில் அடுத்த ஓராண்டுக்குள் ஒரு மாதக் கூலிக்கு மேல் மருத்துவமனைச் செலவு வந்ததா? புள்ளி வைத்த 1,874 சுழிகளில் 402-க்கு வந்திருந்தது. வெறும் சுழிகள் 2,130. அவற்றில் 64-க்கு மட்டும். நூற்றுக்கு இருபத்தொன்று ஒரு பக்கம், மூன்று மறுபக்கம். இரண்டு தடவை கூட்டிப் பார்த்து அட்டவணையாக எழுதினோம்.

ஜூன் 17, புதன்கிழமை, விசாரணை சுகாதாரத் துறையின் கூட்ட அறையில் நடந்தது. நடத்தியவர் அத்துறையின் துணை இயக்குநர். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி; எதிரே கோப்புகள் அடுக்கியிருந்தன. நாற்பத்தேழாம் வீட்டு அம்மாளும் வந்திருந்தார். அரைநாள் வேலையை விட்டுவிட்டு.

"மக்களே வரலைன்னா நிலையத்தை யாருக்காகத் திறந்து வைக்கறது?" என்று துணை இயக்குநர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"அவங்க கதவு திறந்திருக்கும்போது நாங்க வேலையில இருப்போம், மேடம்" என்றார் அந்த அம்மாள். "நாங்க வர்றப்போ பூட்டுதான் தொங்கும். பூட்டுக்கிட்ட எதைக் காட்டறது?"

அக்கா எங்கள் அட்டவணையை மேசைமேல் வைத்தார். துணை இயக்குநர் படித்தார். முதல் பக்கத்தை முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார்.

"இந்தப் புள்ளி விதியில இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை, மேடம். அதனாலதான் நீக்கினேன்."

"நீக்கினதை எதுக்கு எழுதி வெச்சீங்க?"

"எதை நீக்கினாலும் எழுதி வைக்கணும்னு விதி இருக்கு. விதி 14."

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்தார். "இத்தனை வருஷமா புள்ளியை எடுத்துடறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், மேடம். சார் வருஷா வருஷம் கடிதம் போடுவார்."

"தெரிஞ்சும் ஏன் வெச்சீங்க?"

"அவங்க ரெண்டாவதுன்னு சொன்னாங்களே, மேடம். சொன்னதை எழுதாம எப்படி எழுந்து வர்றது?"

துணை இயக்குநர் விசாரணையை முடித்தார். அட்டவணையை மட்டும் கோப்புகளோடு சேர்க்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

முதல் கடிதம் ஜூலை 3 அன்று வந்தது: 'தங்கள் ஆட்சேபம் பரிசீலனையில் உள்ளது.' அக்கா படித்துவிட்டு, "இது எந்தப் பரிசீலனை, சார்? முதலாவதா, ரெண்டாவதா?" என்றார். செருப்புப் படி விண்ணப்பம் அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் முழுக்க ஒன்றும் வரவில்லை. அறிவிப்புத் தாள் வெயிலில் வெளுத்து, மூலை சுருண்டு, கதவிலேயே இருந்தது. அக்கா ஜூலைச் சுற்றில் போனபோது வீடுகளில் கேட்டார்கள். "என்ன அக்கா, மூடிடுவாங்களா?" தெரியாது என்றார். இருபத்தைந்து ஆண்டுகளில் முதல் தடவையாகச் சில வீடுகளை மாலையில் போகலாம் என்று தள்ளிப் போட்டதாகச் சொன்னார்.

இரண்டாவது கடிதம் செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. மூடுவதற்கு எட்டு நாள் இருந்தது. மூடும் ஆணை நிறுத்திவைக்கப்படுகிறது. அக்டோபர் முதல் ஆறு மாதத்துக்குச் சோதனை முறையில் நிலையம் மாலை நான்கிலிருந்து எட்டு வரை இயங்கும். ஆறு மாதத்தில் பயன்பாடு கூடாவிட்டால் மூடப்படும். அக்கா நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

அக்டோபர் 1, வியாழக்கிழமை, முதல் மாலை. அக்கா வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்டறை வாசலில் நின்றார்.

"முதுகு எப்படி இருக்கு?"

கணவர் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார். "ஒண்ணுமில்லே."

"எந்த ஒண்ணுமில்லே?"

அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நம்ம வீடு குலுக்கல்ல விழுந்துடுச்சா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ரெண்டாவதுதான். ரொம்ப வருஷமா ரெண்டாவதுதான்."

இருவரும் போனார்கள். ஏழாம் எண் சீட்டு கிடைத்தது. இரண்டாம் எண் சீட்டு நாற்பத்தேழாம் வீட்டுக்காரரிடம் இருந்தது. சலவைக்கூடத்திலிருந்து ஈரக் கால்சட்டையோடு நேரே வந்திருந்தார். "எட்டு விரல் மிச்சம் இருக்கு, அக்கா. அதையாவது பார்த்துக்கலாம்னு வந்தேன்" என்றார். அன்று மொத்தம் பதினொரு பேர். கணவரின் முதுகுக்கு ஒரு களிம்பு கொடுத்தார்கள். போகிற போக்கில் ரத்த அழுத்தம் பார்த்தபோது 170 இருந்தது. அது யாருக்கும் தெரியாமல் எத்தனை நாளாக இருந்ததோ. மாத்திரை தொடங்கினார்கள். செலவு 9.00. எந்தப் படிவத்திலும் சேராத செலவு அது; இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வாரம் 63 பேர். டிசம்பரில் ஒரு வாரத்துக்கு 140 பேருக்குக் குறையவில்லை. நர்ஸ் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பெஞ்சு போதாமல், பேருந்து திரும்பும் இடத்திலிருந்து ஒரு பழைய பெஞ்சைத் தூக்கிவந்து போட்டார்கள். மார்ச் 31-இல் முடிந்த காலாண்டில் அக்காவின் 120 வீடுகளில் புள்ளி வைத்த சுழிகள் 19. முந்தைய ஆண்டு அதே காலாண்டில் 53. பத்தொன்பதையும் நான் வழக்கம்போலச் சுரண்டி, வழக்கம்போல எழுதி வைத்தேன். விதி இன்னும் மாறவில்லையே.

அதன்பின் கடிதத்துக்காகக் காத்திருந்தோம். தபால்காரர் வரும் நேரத்துக்கு அக்கா ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தார். படிவம் தீர்ந்துவிட்டது என்பார். பேனா எழுதவில்லை என்பார். ஒரு நாள் சாக்கு ஒன்றும் கிடைக்காமல், "சும்மாதான் வந்தேன், சார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

கடைசிக் கடிதம் ஒரு பக்கம். முதல் பத்தி: சோதனைக் காலத்தில் பயன்பாடு தலைக்கு ஆண்டுக்கு 3.1 என்ற அளவுக்கு உயர்ந்திருப்பதால் சுகாதார நிலையம் மாலை நேரத்தில் நிரந்தரமாக இயங்கும். இதே காரணத்துக்காக மூட இருந்த மற்ற ஒன்பது நிலையங்களிலும் நேரத்தை மாற்றிப் பார்க்காமல் முடிவு எடுக்கக் கூடாது. இரண்டாம் பத்தி: ஜூலை சுற்றிலிருந்து நாடு முழுவதும் கட்டம் 9 இரண்டாகப் பிரிக்கப்படும். 9அ, செலவு இல்லை, தேவைப்படவில்லை. 9ஆ, செலவு இல்லை, தேவைப்பட்டும் செல்லவில்லை. மூன்றாம் பத்தி எனக்கு: சுழியினுள் உள்ள புள்ளிகளை இனி நீக்க வேண்டியதில்லை.

அக்கா சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். இரண்டாம் பத்தியை மறுபடி கேட்டார்.

"ஒண்ணுமில்லேக்கு ரெண்டு கட்டம் போட்டுட்டாங்களா, சார்?"

"போட்டுட்டாங்க."

அவர் துணிப்பையைத் தோளில் மாட்டினார். அன்றைக்கு இருபத்திரண்டு வீடு பாக்கி என்றார். முதலில் நாற்பத்தேழுக்குப் போய்ச் சொல்லிவிட்டு மற்றதைப் பார்ப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். நான் மேசை இழுப்பறையில் மிச்சமிருந்த பதினான்கு பிளேடுகளையும் சீட்டு எழுதி ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தேன். திரும்பி வந்து கடிதத்தை வரவுப் பதிவேட்டில் ஏற்றினேன். வந்த நாள்: 2010 மே 18, செவ்வாய்க்கிழமை.